வெடித்த நிலம் மட்டும் வறட்சி ஆகாது

வறட்சி என்றதும் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் அச்சில் வரும். பாளம் பாளமாக வெடித்த நிலம், நடுவே அண்ணாந்து வானத்தைப் பார்க்கும் விவசாயி. ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் கேமராவோடு அலைபவன் என்ற முறையில் அந்தப் படத்தின் மேல் எனக்கு மனக்குறை உண்டு. வற்றிய கண்மாய் நல்ல மழை பெய்த வருஷத்துக் கோடையிலும் வெடிக்கும். அதை மட்டும் காட்டினால் வறட்சியைக் காட்டியதாகாது.

புயல் ஒரே ராத்திரியில் அடித்துவிட்டுப் போகும். வறட்சி மாதக்கணக்கில் இறுக்கும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. சுமார் 440 மி.மீ. பெய்ய வேண்டியது, 168 மி.மீ. தான் பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எங்கள் பக்கம் முதலில் புழுதியில் விதைத்த நெல் கருகும். பிறகு ஆடு, மாடு விலைபோகும். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட ஆட்கள் கிளம்புவார்கள். கடைசியில் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இந்த வரிசை படத்தில் வரும்.

கமுதி பக்கம் காய்ந்த ஓடையில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். இடுப்பளவுப் பள்ளத்துக்குள் ஓர் அப்பத்தா குந்தியிருந்தார். மணலில் கசியும் நீரைச் சிரட்டையால் வழித்து, குடத்தின் வாயில் கட்டிய சேலைத்துணியில் ஊற்றுவார். அரைச் சிரட்டை ஊறியதும் மறுபடி வழிப்பார். மேலே தள்ளுவண்டியில் காலிக் குடங்கள் முறைக்குக் காத்திருந்தன. படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கய்யா. எந்த ஊருன்னு போடுவியா? தண்ணி லாரி வரலேன்னும் சேத்து எழுது" என்றார்.

ஆவணப் புகைப்படத்துக்கு அடிப்படையே அவர் கேட்டதுதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்களை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அவர்கள் யார் பிள்ளைகள், என்ன விதைத்தார்கள் என்று அந்தப் படங்கள் சொல்வதில்லை. பசியைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

1930-களில் அமெரிக்கச் சமவெளிகளை வறட்சியும் புழுதிப் புயலும் வாட்டியபோது, கிராமங்களைப் பதிவுசெய்ய அந்த அரசே புகைப்படக்காரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான ஆர்தர் ராத்ஸ்டீன், 1936-ல் தெற்கு டகோட்டாவில் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தள்ளிவைத்து வெடித்த தரையில் எடுத்தார். அது அதிபர் தேர்தல் வருஷம். வறட்சியே ஜோடனை என்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்கள் கிளப்பிவிட்டார்கள். வறட்சி உண்மை, நகர்த்திய மண்டையோடு அந்த உண்மையையே சந்தேகத்துக்கு ஆளாக்கியது. அதே திட்டத்தில் இருந்த டோரதியா லாங் வேறு வழியில் போனார். மக்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பொருளியலாளரான கணவர் பால் டெய்லருடன் 1939-ல் வெளியிட்ட நூலில் படங்களோடு அந்த மக்களின் பேச்சையும் சேர்த்தே அச்சிட்டார்.

அதனால் நான் எதையும் நகர்த்துவதில்லை. யாரையும் அழச் சொல்வதில்லை. ஊர், மாதம், அன்று குடிநீர் எங்கிருந்து வந்தது, ஒரு குடம் என்ன விலை என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுகிறேன். பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது படத்தில் இருப்பவர் முடிவு.

மழை பெய்ததும் நிவாரணப் பேச்சு அடங்கிவிடும். மடை உடைந்தபடியே, வரத்துக்கால் தூர்ந்தபடியே கிடக்கும். ஊரும் தேதியும் உள்ள படம் இருந்தால் அதைக் கிராமசபையில் வைத்துக் கணக்குக் கேட்கலாம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் காலத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.