நிகழ்ச்சி வரிசையறிதல்

நிகழ்ச்சி வரிசையறிதல் என்பது எது முதலில் நடந்தது, எது பின்னர் நடந்தது எனப் பத்தியிலிருந்து அறியும் வாசிப்புத்திறன் ஆகும். ‘குளித்துவிட்டுச் சாப்பிட்டான்’ என்பதில் சொல் வரிசையும் செயல் வரிசையும் ஒன்றே. ‘முன்’ வந்தால் வரிசை தலைகீழாகும். ‘மருந்தைக் குடிக்கும் முன் புட்டியைக் குலுக்கவும்’ என்பதை எழுதிய வரிசையிலேயே செய்தால், அடியில் தங்கிய மருந்து சரியான அளவில் கிடைக்காது.

திருச்சி மலைக்கோட்டைத் தலக்கதை இதற்கு நல்ல பயிற்சி. ‘காவிரியில் நீராடும் முன் அரங்கன் சிலையைச் சிறுவனிடம் கொடுத்தான் வீடணன். சிறுவன் அதைத் தரையில் வைத்தான். வீடணன் துரத்தினான், சிறுவன் மலையேறினான்.’ நிகழ்ச்சிகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, மாணவரை அடுக்கச் சொல்லலாம். நீராடல் முதலில் வந்தால், ‘அப்போது சிலை யார் கையில் இருந்தது?’ என்று கேட்டால் போதும்; பிழையை அவர்களே திருத்துவர்.