பரணில் இருக்கும் பாட்டு

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? அதற்குள், பழுப்புக் காகித உறையில், கறுப்பாக, வட்டமாக, கையில் எடுத்தால் கனமாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். படித்து முடிக்கும் வரையில் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடாமல் இருங்கள், அது போதும்.

"இந்தப் பிளேட்டையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், தாத்தா? எந்தப் பாட்டு வேண்டும், சொல்லுங்கள், ஒரு நிமிஷத்தில் போடுகிறேன்" என்று பேரப்பிள்ளை செல்போனை நீட்டுவான். அவன் சொல்வது வாஸ்தவந்தான். கிராமபோன் காலத்தில் இந்தச் சௌகரியம் உண்டா? பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஊசி மாற்ற வேண்டும். சாவி தளர்ந்தால் வித்வான் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் சுருதி இறங்கும். எழுந்து ஓட வேண்டும். மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் போனால் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சிரமமெல்லாம் திரும்பி வரட்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிறோமே, அது எதற்கு? பாட்டுக்கா? இல்லை, பாட்டைக் கேட்பதற்கு. வாடகை வீட்டில் குடியிருப்பது போலத்தான். வீட்டுக்காரர் மிகவும் நல்லவராக இருக்கலாம். இருந்தாலும், காலி செய்யச் சொன்னால் செய்ய வேண்டியதுதானே?

காலி செய்யச் சொல்வார்களா என்கிறீர்களா? சொல்லியிருக்கிறார்கள். விங்க் மியூசிக் என்று ஏர்டெல் கம்பெனி நடத்தி வந்த பாட்டுச் சேவை 2024-ம் வருஷம் மூடப்பட்டது. அதே வருஷம் ஜனவரி மாதத்தில் ரெஸ்ஸோ என்ற இன்னொரு சேவையும் இந்தியாவில் கடையைக் கட்டியது. பாடகரே கோபித்துக்கொண்டு பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. 2022-ல் நீல் யங் என்ற பிரபல பாடகர், ஸ்பாட்டிஃபையில் வந்த ஒரு பேச்சு நிகழ்ச்சி பிடிக்காமல், தம் பாட்டுக்களை அங்கிருந்து விலக்கிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான் அவை திரும்பி வந்தன. அவருடைய தட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சண்டையால் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாவற்றையும்விட வேதனையானது மைஸ்பேஸ் விவகாரம். பன்னிரண்டு வருஷ காலத்தில் ஜனங்கள் அங்கே ஏற்றி வைத்திருந்த பாட்டுக்கள், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது தொலைந்து போய்விட்டன என்று 2019-ல் அறிவித்தார்கள். கோடிக்கணக்கான பாட்டுக்கள், சுவாமி!

இருக்கட்டும். நம்மூர்ச் சங்கதிக்கு வருவோம்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 27. தமிழ் பேசும் படம் பிறந்தே இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அவர் நடித்த நாடகங்களை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. கே. பி. சுந்தராம்பாள் 1980 வரையில் இருந்தார். அவரைத் திரையில் பார்க்கிறோம், கேட்கிறோம். கிட்டப்பாவின் குரல் மட்டும் நமக்குக் கிடைத்திருப்பது சில அரக்குத் தட்டுகளால்தான். அரக்கு என்றால் நம் நாட்டு அரக்கேதான். கைதவறிக் கீழே விழுந்தால் கண்ணாடி போல் உடைந்து போகும். அப்படிப்பட்ட வஸ்துவை யாரோ ஒரு வீட்டில் யாரோ ஓர் அம்மாள் தொண்ணூறு வருஷமாக உடையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள்! அதைச் சேகரிப்பவர் ஒருவர் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். இன்னொருவர் அதைச் சுழலவிட்டுப் பிரதி எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். பேரன் செல்போனில் கிட்டப்பாவைப் போட்டுக் காட்டும்போது, பின்னணியில் 'கரகர'வென்று ஒரு சப்தம் கேட்கிறதல்லவா? அது அந்த ஊசியின் சப்தம். எங்கோ ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து புறப்பட்டுத்தான் பாட்டு செல்போனுக்கு வந்திருக்கிறது.

அப்படிப் புறப்படாமலே இன்னும் எத்தனை பெட்டிகள் இருக்கின்றனவோ! நாடக செட்டுகள், ஹாஸ்யப் பேச்சுக்கள், பெயர் மறந்துபோன பாகவதர்கள், ஒன்றிரண்டு தட்டுகளோடு நின்றுவிட்ட பெண்மணிகள் - இவர்களையெல்லாம் எந்தக் கம்பெனி தேடிக்கொண்டு வரும்? சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்து வைத்தார்கள். எல்லார் வீட்டுப் பரணிலும் அவர்களால் ஏறிப் பார்க்க முடியுமா?

பழைய தட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது, கடைசியில் தம் பெயரைத் தாமே இங்கிலீஷில் சொல்லி முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டாமா? அதற்காக. இன்று செல்போனில் வரும் பழைய பாட்டுக்குப் பாடியவர் பெயர் ஒன்று, கூட வரும் படம் வேறொருவருடையது! பக்கவாத்தியம் யார் என்றோ, எழுதியவர் யார் என்றோ தேடினால் கண்தான் வலிக்கும்.

ஆகையால், கேட்பதற்குச் செல்போன் இருக்கட்டும். இழந்தால் மனசு தாங்காது என்று நினைக்கிற பாட்டுக்கள் ஒரு பத்தோ இருபதோ இருக்குமே, அவை தட்டாக உங்கள் அலமாரியில் இருக்கட்டும். காலியாகும் இசைத்தட்டுக் கடைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 2022-ல் காம்பாக்ட் டிஸ்க்கைவிட வினைல் தட்டுகள் அதிகம் விற்பனையாயின. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இருக்கிற தட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்பீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளம் போல் அடுக்காதீர்கள். புஸ்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தட்டே கரைந்து கையோடு வந்துவிடும். மெல்லிய துணி போதும். தாத்தா காலத்துக் கிராமபோன் பெட்டியின் இரும்பு ஊசியை எல்.பி. தட்டின்மேல் வைப்பது, பட்டுப் புடவையைக் கருங்கல்லில் அடித்துத் துவைப்பதற்குச் சமானம். காம்பாக்ட் டிஸ்க்கில் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லாரும் போற்றிப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் பாட்டு இருக்கும் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடியில்தான், மிக அருகில் இருக்கிறது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்!

முடிந்தால், தெரிந்தவர்களைக் கொண்டு பரணில் இருப்பதைப் பிரதி எடுத்துவிடுங்கள். உறையில் யாராவது பென்சிலால் தேதியோ கடையின் பெயரோ எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. "கரகரப்பைச் சுத்தமாக நீக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், "நீக்காத பிரதி ஒன்றும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கரகரப்போடு சேர்ந்து சில சமயம் தம்புராவும் போய்விடுகிறது.