டூ ஸ்ட்ரோக் வண்டியில் தினமும் நெடுந்தூரம்: ஆயில், பிரேக், ஆவணம்



நமது அறக்கட்டளைக்கு வருகிற உதவி மனுக்களில், சாலை விபத்தால் வருமானம் நின்றுபோன குடும்பங்களின் மனுக்களும் இருக்கின்றன. வண்டி பெரும்பாலும் பழைய எக்ஸ்எல் அல்லது அது போன்ற ஒரு சின்ன வண்டி. ஆவணங்களைக் கேட்டால், ஆர்.சி. புத்தகம் முன்பு வைத்திருந்தவர் பெயரிலேயே இருக்கும். இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்திருக்கும். சட்டப்படி அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தொகை அங்கேயே கைநழுவிப் போகிறது. அதில் ஒரு சிறு பகுதியைத்தான் நாம் ஸதகாவிலிருந்து கொடுக்க முடிகிறது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் தினமும் தூரம் போகிறவர்கள் அதை எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது, எந்தச் சிறு செலவுகளைத் தவிர்க்கவே கூடாது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

ஏன் இந்த வண்டி?

தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் பாதை 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூன் மாதத்திலும் ரயில் திரும்ப வந்தது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் ரயில் பாதையே கிடையாது. பஸ் உண்டு. ஆனால் ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்பட வேண்டியவருக்கும், துணி மூட்டையோ பாத்திரமோ கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வியாபாரிக்கும், கடை அடைத்து இரவு பத்து மணிக்கு மேல் திரும்புகிறவருக்கும் சொந்த வண்டி இல்லாமல் முடியாது.

அந்த இடத்தைப் பல ஆண்டுகளாக நிரப்பியது டிவிஎஸ் மொபெட். மதுரையில் 1911-ல் தொடங்கிய டிவிஎஸ் குழுமம், 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து இருவர் செல்லக்கூடிய டிவிஎஸ் 50 வண்டியைக் கொண்டுவந்தது. இன்றும் நம் ஊர்களில் எந்த மொபெட்டையும் 'டிவிஎஸ் பிப்டி' என்றுதான் சொல்கிறோம். பின்னால் வந்த எக்ஸ்எல் சூப்பர், ஹெவி டியூட்டி வண்டிகள் கிட்டத்தட்ட 70 சி.சி. திறன் கொண்டவை. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்த பிறகு டூ ஸ்ட்ரோக் மெல்ல விற்பனையிலிருந்து விலகியது. இளைஞர்கள் தேடி வாங்குகிற யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஆக, இன்று சாலையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் எல்லாமே பழையவை. குறைந்த விலைக்குக் கைமாறுவதும் அதனால்தான்.

ஆயில் ஏன் பெட்ரோலோடு போகிறது?

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் ஆயில் அடியில் தனியாக நிற்கும். அதுவே சுற்றிச் சுற்றி வந்து பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பைத் தரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறைக்குள் நுழைந்து, பிறகுதான் மேலே போய் எரிகின்றன. அந்த அறையில் ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. எனவே ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய், போகிற வழியில் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுக் கடைசியில் தானும் எரிந்துவிடுகிறது. சைலன்சரில் வரும் நீலப் புகை அதுதான். எரியாத பெட்ரோலிலும் கொஞ்சம் புகையோடு வெளியேறிவிடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி கூடுதல் மைலேஜ் தருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் இல்லாத பெட்ரோல் ஒரு தடவை போட்டாலும் இன்ஜினுக்கு ஆபத்துதான். எக்ஸ்எல் போன்ற வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில், அதாவது 2 சதவீதம். மிகப் பழைய மாடல்களுக்கு அளவு கூடுதலாக இருக்கலாம். கையேட்டைப் பாருங்கள், அல்லது அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. அதில் ஆயில் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

• ஆயிலை அளவுச் சிமிழால் முதலில் டேங்கில் ஊற்றிவிட்டுப் பிறகு பெட்ரோல் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் நன்றாகக் கலக்கும்.

• நான்கு ஸ்ட்ரோக் ஆயிலையோ, வடித்தெடுத்த பழைய ஆயிலையோ ஊற்ற வேண்டாம்.

• கூட ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது.

• இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல வாரம் நிறுத்திவைத்த வண்டியை எடுக்கும்போது பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பெட்ரோல் டியூப் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சமவெளியில் 40 கிலோமீட்டர்

சின்ன இன்ஜினுக்கு எதிரி சூடு. முழு ஆக்சிலேட்டரில் நெடுநேரம் ஓடினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'ஜாம் ஆகிவிட்டது' என்கிறோம். அதற்கு முன்னால் வண்டியின் இழுவை குறையும், சத்தம் வறண்டு கேட்கும். அப்போதே ஓரமாக நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். கியர் வண்டியில் ஓடும்போதே ஜாம் ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், பாதி வழியில் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ பத்து நிமிடம் நின்றால் வண்டிக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது.

தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் நம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேனியிலிருந்து கம்பம் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. வழக்கமான வேகத்தைப் பிடிக்க ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்குவோம், இன்ஜின் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதே வழி. அகலமாகக் கட்டிய மூட்டையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இருட்டில் இன்னொரு சிக்கல். பழைய மொபெட்டில் ஹெட்லைட் இன்ஜின் ஓட்டத்திலிருந்தே எரிகிறது. வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும், இன்ஜின் நின்றால் விளக்கும் நிற்கும். கரும்பு ஏற்றிய டிராக்டரும் சாலையில் படுத்திருக்கும் மாடும் கடைசி நொடியில்தான் தெரியும். பின்னால் வருகிறவருக்கு நாமும் தெரிய வேண்டும். டெயில் லைட் பல்பு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். வண்டியின் பின்புறமும் மூட்டையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

மலை இறங்கும்போது

லோயர் கேம்பிலிருந்து குமுளி, கம்பத்திலிருந்து கம்பமெட்டு, போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு என்று மூன்று பக்கமும் நம்மவர்கள் ஏலத்தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் ஏறி இறங்குகிறார்கள். ஏறும்போது வண்டி திணறுவதைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். உண்மையில் ஆபத்து அதிகம் இறங்கும்போதுதான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டி வருகிற பழக்கத்தை அடியோடு விட வேண்டும். இன்ஜின் பிடிப்பும் இல்லை, விளக்கும் இல்லை என்றாகி, முழுப் பாரமும் இரண்டு சின்ன டிரம் பிரேக்குகளின் மேல் விழுகிறது. விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். இன்ஜின் ஓடினாலும் மொபெட்டில் வேகம் குறையும்போது கிளட்ச் தானாக விட்டுக்கொள்ளும், அதன் பிறகு பிரேக்தான் துணை. ஆகவே தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குங்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து, வேகம் குறைந்ததும் விடுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மூடியே இருந்தால் ஆயிலும் குறைவாகத்தான் உள்ளே போகும். நேரான இடங்களில் இடையிடையே லேசாக முறுக்கிக் கொடுங்கள். பாதியில் ஓரிடத்தில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுங்கள்.

மாதச் செலவு எவ்வளவு?

தேனி–கம்பம் போய்வர 80 கிலோமீட்டர். மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 42 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 4,200 ரூபாய் ஆகிறது. அதற்கு வேண்டிய 2டி ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு.

இன்சூரன்ஸைப் பாருங்கள். 75 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 2022-ல் அரசு அறிவித்தபடி, ஆண்டுக்கு 538 ரூபாய். 18 சதவீத வரியோடு 635 ரூபாய். நாள் கணக்கில் இரண்டு ரூபாய்க்கும் குறைவு. ஒரு டீயின் விலைகூட இல்லை.

ஆவணத்தில் மூன்று விஷயம்

முதலாவது, இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடப் பெரியது நஷ்டஈடு. நம் வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டால், யார் மீது தவறு என்று பாராமலே 5 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் வழங்கச் சட்டம் இடம் தருகிறது. இன்சூரன்ஸ் இல்லையென்றால் அந்தச் சுமை வண்டி உரிமையாளரின் வீடு வாசலின் மீது வரும். காப்பீடு பற்றி மார்க்க அடிப்படையில் சிலருக்குத் தயக்கம் உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் கேட்கும்போது, இது அடிபட்ட இன்னொரு மனிதரின் ஹக்கை நிறைவேற்றச் சட்டம் விதித்த கட்டாயம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆர்.சி. பெயர் மாற்றம். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் தானே ஓட்டிச்சென்று விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் தருகிற தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. அது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். லைசென்சும் நடப்பில் இருக்க வேண்டும். வேறொருவர் பெயரில் உள்ள வண்டியை ஓட்டி இறந்தவரின் மனைவி மக்களுக்கு இந்தத் தொகை கிடைக்காது. விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. 'பணத்தை வாங்கிவிட்டேன், வண்டி போய்விட்டது' என்பது போதாது.

மூன்றாவது, வயது. வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை. ஓட்டுபவருக்கும் வயது உண்டு. 16 வயதில் லைசென்ஸ் பெறுவது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். 70 சி.சி. எக்ஸ்எல் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை கையில் சாவியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோதான்.

ஹெல்மெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேங்கின் மேலோ கைப்பிடியிலோ தொங்கும் ஹெல்மெட் தலையைக் காக்காது. பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஒன்று வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் சிகிச்சை, அதோடு போலீஸ் புகார். வெளியே பேசி முடித்துவிடலாம் என்று எஃப்.ஐ.ஆர். இல்லாமல் விட்டால் பிறகு வழக்கு நிற்பது கடினம். நஷ்டஈட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திருத்தம் சொல்கிறது. இத்தா முடியட்டும், நாற்பது கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து ஆவணங்களைத் திரட்டுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் அரசுத் திட்டம் உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஒரு வார்த்தை அந்தப் பழைய வண்டியைப் பற்றியும். வருடத்துக்கு இரண்டு முறை இன்ஜின் பிரித்தாக வேண்டிய நிலை வந்துவிட்டால், அந்தச் செலவைச் சேர்த்து நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு முன்பணம் கட்டுவதே மேல். அதுவரை அளவான ஆயில், ஆறிய பிரேக், சொந்தப் பெயரில் ஆர்.சி., நடப்பிலுள்ள இன்சூரன்ஸ் ஆகிய நான்கும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு உங்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் எடுத்து வாருங்கள். எது முடிந்திருக்கிறது, எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வோம், விண்ணப்பமும் எழுதித் தருவோம். வீட்டில் இருக்கும் சகோதரிகள் இந்த வாரமே அந்த இன்சூரன்ஸ் தாளை எடுத்து அதன் முடிவுத் தேதியைப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்