மாறாத கணுக்கால் நோ

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்கி, கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போய்வரும் எம்மவருள் ஒரு கமக்காரர். வயல் வரம்பில் சறுக்கிக் கால் மடிந்து விழுந்து ஒன்றரை வருடம். "சுளுக்குத்தானே சுவாமி, எண்ணெய் பூசினால் மாறிவிடும்" என்றவர். மாறவில்லை. படி இறங்கும்போது உள்ளே ஏதோ சிக்குப்படுகிறதாம்.

சுளுக்கு சில கிழமைகளில் ஆறவேண்டும். மாதக்கணக்கில் நோவும் வீக்கமும் நின்றால், கீழ்க்கால் எலும்புக்கும் குதி எலும்புக்கும் இடையிலுள்ள தாலசு எலும்பின் மேற்புறம் சிதைந்திருக்கலாம். அதன் அரைவாசிக்கு மேற்பட்ட பரப்பை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டமில்லை. ஆகையால் இலகுவில் ஆறாது. எக்ஸ்ரேயில் தெரியாத சிதைவையும் எம்.ஆர்.ஐ. படம் காட்டும்.

துண்டு இடம்பெயராதிருந்தால், முக்கியமாகச் சிறுவர்களுக்கு, பிளாஸ்டர் கட்டும் ஓய்வும் போதுமாகலாம். பெயர்ந்த துண்டு பெரிதாயும் பழுதின்றியும் இருந்தால் சிறு ஆணியால் பொருத்துவர். காயம் ஏறக்குறைய 15 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின், மெல்லிய குழாய்க்கருவியைச் செலுத்திப் பழுதை வழித்தெடுத்து, அடியெலும்பில் நுண்துளைகள் இடுவர். மச்சையிலிருந்து இரத்தம் கசிந்து உறைந்து தழும்புக் குருத்தெலும்பு வளரும். பழையதன் உறுதி அதற்கில்லை. ஆயினும் பெரும்பாலானோருக்கு நோ குறைகிறது. பெரிய குழியென்றால் முழங்காலிலிருந்து குருத்தெலும்பும் எலும்புமாகச் சிறு உருளைகளை எடுத்து, நாற்று நடுவதுபோலப் பதிப்பதுண்டு.

மூட்டு முழுவதும் தேய்ந்தவருக்கு எலும்புகளை ஒன்றாகப் பொருத்தி மூட்டை அசையாமற் செய்வார்கள். செயற்கை மூட்டும் உண்டு; பாரம் தூக்கி உழைப்பவருக்கு அது பெரும்பாலும் உகந்ததன்று. பொருத்திய கால் பாரம் தாங்கும், நோவும் அடங்கும். ஆனால் குந்தியிருந்து களை பிடுங்குவதும் மேடுபள்ளத்தில் நடப்பதும் சிரமம்; காலப்போக்கில் அயல் மூட்டுகளும் தேயலாம். எனவே, "நான் கமக்காரன், குந்தியிருந்து வேலை செய்பவன்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச்செல்வது நல்லது. சுருட்டுப் பிடிப்பவர்கள் அதை நிறுத்தவேண்டும். புகை எலும்பு பொருந்துவதைத் தடுக்கும்.

துளையிட்டபின் ஏறக்குறைய ஆறு கிழமை அந்தக் காலை ஊன்றக்கூடாது என்பதே வழக்கம். மூன்றாம் மாடி அறை இதற்கு உதவாது. தங்குமிடத்தை முன்கூட்டியே பாருங்கள்.

நம் கமக்காரருக்குக் காயம் சிறிதுதான், துளையிடப் போகிறார்கள். காலபோக விதைப்புக்குள் ஊர் திரும்பிவிட வேண்டுமென்று அவசரப்பட்டார். வயலில் இறங்க நாலைந்து மாதமாவது செல்லுமென்று கேட்டபின், இம்முறை விதைப்பைத் தம்பியிடம் விட்டிருக்கிறார்.