பச்சைத் தண்ணீரில் ஊறும் காப்பி

காப்பி என்றால் நம்மவர்களுக்கு ஒரே இலக்கணம்தான். கொதிக்கிற வெந்நீர், பில்டர், கள்ளிச்சொட்டாக இறங்கின டிகாக்ஷன், பொங்கி வரும்போதே இறக்கின பால், டவரா டம்ளர். ஊரை விட்டுத் தில்லிக்கும் நாகபுரிக்கும் ஆமதாபாத்துக்கும் வந்து முப்பது நாற்பது வருஷம் ஆனவர்கள்கூட சப்பாத்திக்கும் ராஜ்மாவுக்கும் பழகிக்கொண்டார்களே தவிர, இந்த இலக்கணத்தில் ஓர் எழுத்தை மாற்றவில்லை. அதனால்தான் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கண்ணாடிக் குடுவையில் காப்பித்தூளைப் போட்டு, பச்சைத் தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் குடிப்பதைப் பார்த்தால் பெரியவர்களுக்குக் கோபமே வந்துவிடுகிறது. "பழைய டிகாக்ஷனுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரா?" என்று கேட்கிறார்கள்.

இதற்குக் கோல்ட் ப்ரூ என்று பெயர். இது பழைய டிகாக்ஷன் இல்லை. ஹோட்டலில் ஐஸ்கிரீம் மிதக்கத் தருகிறார்களே, அந்தக் கோல்ட் காப்பியும் இல்லை. அவை இரண்டும் வெந்நீரில் இறங்கிப் பிறகு ஆறியவை. இதிலோ சூடு என்பதே கிடையாது. சூடு செய்கிற வேலையை நேரம் செய்கிறது.

நம் இலக்கணமும் அப்படியொன்றும் ஆதிகாலத்தது அல்ல. காப்பி தமிழ் வீடுகளில் நுழைந்தபோது எத்தனை எதிர்ப்பு இருந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளிவந்த 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நீராகாரத்தைத் தள்ளிவிட்டு வந்ததுதான் இந்தக் காப்பி. ஆகவே புதுசாக ஒன்று வந்தால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பதில் தவறில்லை.

தூளுக்குள் இருக்கிற காபீன், அமிலங்கள், கசப்புப் பொருள்கள், எண்ணெய் எல்லாம் தண்ணீருக்குள் இறங்கினால்தான் அது காப்பி. வெந்நீர் இதை நிமிஷக் கணக்கில் செய்கிறது. குளிர்ந்த நீருக்கு அந்த வேகம் வராது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. எளிதாகப் புரிகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். 95 டிகிரி வெந்நீரோடு பார்த்தால் 25 டிகிரித் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்கு பிசுக்கானது. ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்கு வந்தால் ஐந்து மடங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிசுக்கினால் தூளுக்குள் தண்ணீர் போய்வருவது மந்தமாகிறது. அதனால்தான் மேஜைமேல் வைத்தால் சீக்கிரம் ஆகிறது, ஃப்ரிட்ஜில் வைத்தால் கூடுதல் நேரம் எடுக்கிறது.

எத்தனை மணி நேரம்? 24 மணி, 36 மணி என்றெல்லாம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் அமெரிக்காவில் மேகன் ஃபுல்லர், நினி ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 400 நிமிஷத்தில், அதாவது ஏழு மணிக்குள்ளேயே, காபீன் இறங்குவது நின்றுவிடுகிறது. ராத்திரி படுக்கும்போது போட்டுக் காலையில் எடுத்தால் போதும் என்பது என் அனுபவமும்கூட. ஃப்ரிட்ஜில் வைப்பதானால் 14, 16 மணி நேரம் விடலாம். தில்லி ஜூன் மாதத்தில், 44 டிகிரி வெயிலில், மேஜைமேல் வைக்கச் சொல்ல மாட்டேன், ஃப்ரிட்ஜ்தான் சரி.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

என் மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு காப்பிக்குமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேத்தி ஆசையாக, "தாத்தா, இதுல சூடும் இல்ல, கசப்பும் இல்ல, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று கோல்ட் ப்ரூ போட்டுக் கொடுத்தாள். கசப்பே தெரியவில்லை என்பதால் அவரும் தண்ணீர் சேர்க்காமல் காலையில் ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர் என்று குடித்தார். ஒரு வாரம் தூக்கமில்லை, நெஞ்சில் படபடப்பு. பிரஷர் மாத்திரையைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அராபிகா காப்பியில் காபீன் சுமார் 1.2 சதவீதம். 100 கிராம் தூளில் 1200 மில்லிகிராம் ஆயிற்று. குளிர்ந்த நீரில் காபீன் கரையாது என்பது தவறான எண்ணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 20 கிராம் காபீனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நம் தூளில் இருப்பதோ ஒன்றேகால் கிராம்கூட இல்லை. ஆகவே அநேகமாக எல்லாமே இறங்கிவிட முடியும். 800 மில்லி தண்ணீரில் ஊறவைத்தால், 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் வரை வரலாம். மாமா குடித்த 200 மில்லி டம்ளரில் 300 வரை. இரண்டு டம்ளருக்கு 600 வரை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொல்லியிருக்கிறது. இதற்கு எதிரே நம் பில்டர் காப்பியைப் பாருங்கள். ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள், அதில் மூன்று கிராம் சிக்கரி என்றால், காபீன் 84 மில்லிகிராமுக்கு மேல் போக வழியே இல்லை. ரொபஸ்டா கலந்த தூளானால் இரண்டிலுமே கணக்கு ஏறும். ரொபஸ்டாவில் காபீன் கிட்டத்தட்ட இரு மடங்கு.

கசப்புக் குறைந்தால் வீரியமும் குறைந்துவிட்டது என்று நாக்கு சொல்லும். அதை நம்பக்கூடாது. அதேபோல "வயிற்றுப் புண்காரர்களுக்கு நல்லது, அமிலம் இல்லை" என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். அதே இரு ஆய்வாளர்கள் 2018இல் சூடான காப்பியையும் இதையும் ஒப்பிட்டபோது, பி.எச். அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, 4.85இலிருந்து 5.13க்குள். மொத்த அமிலச் சத்து மட்டும் சூடான காப்பியில் கூடுதல்.

இனி செய்முறை. பிரெஞ்ச் பிரெஸ் என்பது ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் இறங்கி ஏறும் ஒரு சல்லடைத் தட்டு, அவ்வளவுதான். பெயரில் பிரெஞ்சு இருந்தாலும் உரிமைப் போட்டி உண்டு. 1852இலேயே பிரான்ஸில் இருவர் இது மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய வடிவத்துக்கு நெருக்கமானதற்கு 1929இல் காப்புரிமை வாங்கியவர்கள் கலிமானி, மொனேத்தா என்ற இத்தாலியர்கள். வெந்நீருக்காகச் செய்த பாத்திரம்தான், ஆனால் இதற்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊறுவதும் வடிகட்டுவதும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும்.

ஒரு லிட்டர் பிரெஸ்ஸுக்கு 100 கிராம் தூள், 800 மில்லி தண்ணீர். சின்ன 350 மில்லி பிரெஸ் என்றால் 35 கிராமும் 280 மில்லியும். தூளைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி, மேலே காய்ந்த தூள் மிதக்காமல் நீளக் கரண்டியால் நன்றாகக் கலக்க வேண்டும். மூடியைப் போடலாம், தட்டை மட்டும் அழுத்தக் கூடாது. மறுநாள் காலையில் மெதுவாக அழுத்துங்கள். கைக்கு எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்; பலம் காட்டினால் அடி வண்டல் கலங்கி மேலே வரும், சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும். உடனே முழுவதையும் ஒரு சுத்தமான மெல்லிய வேட்டித் துணியில் இன்னொரு தடவை வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிடுங்கள். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 800க்கு 600 மில்லிதான் கிடைக்கும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

அடுப்பையே பார்க்காத பானம் என்பதால் சுத்தத்தில் அலட்சியம் கூடாது. கொதித்து ஆறின தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோதான். சல்லடைத் தட்டைக் கழற்றிக் கழுவாவிட்டால் பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பாட்டில் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் இருக்கலாம், பால் கலந்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட் காப்பியின் இயல்பான புளிப்பை அமுக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். "ஊர்த் தண்ணியில போட்ட மாதிரி வரல" என்ற நம் நிரந்தரப் புலம்பலுக்கும் பாதிக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லியனுப்பி வாங்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பில்டர் தூளைப் பிரெஸ்ஸில் போட்டால் சேறுதான் மிஞ்சும். அது நைசாக அரைத்தது, சல்லடையில் நிற்காது. இதற்குப் பம்பாய் ரவையைவிடப் பெரிசாக, இங்கே தலியா என்று விற்கிற கோதுமை உடைசலைவிடச் சிறிசாக இருக்க வேண்டும். அரைத்துக் கொடுக்கிற கடையில் "கொரகொரன்னு" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பிளாண்டேஷன் ஏ, பீபரி எதுவானாலும் சரி.

சிக்கரி சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது என்பது புதுக் கடைக்காரர்களின் ஆசாரம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சிக்கரி கலந்த தூளைத்தான் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பால் சேர்த்து ஐஸ் காப்பியாகக் குடிக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இந்த ஒரு ருசியில் உறவு. சிக்கரியில் காபீன் இல்லை. ஆனால் தண்ணீரில் சுலபமாகக் கரையும், அதனால் சீக்கிரம் மேலாதிக்கம் செய்துவிடும். பத்து, பதினைந்து சதவீதத்துக்குமேல் போக வேண்டாம். நம் சட்டம் 49 சதவீதம்வரை அனுமதிக்கிறது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். மற்றபடி சிக்கரியைத் தென்னாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிழங்கு விளைவது குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பக்கமும். இங்கிருந்து ஊருக்குப் போய், தூளாகி, நம் பைகளில் திரும்பி வருகிறது.

குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரோ பாலோ சேருங்கள். ஐஸ் போட்டால் அதையும் தண்ணீர்க் கணக்கில் வையுங்கள். பெரியவர்களுக்கு 50 மில்லி போதும், அதுவும் மத்தியானத்துக்கு முன்னால். மாமா இப்போது அப்படித்தான் குடிக்கிறார்; இருமல் டானிக்கோடு வந்த சின்ன மூடிதான் அளவு.

பில்டர் காப்பிக்கு இது மாற்றா என்றால், இல்லை. வாசனைப் பொருள்கள் சூட்டில்தான் எழும்பும்; இதில் வீடு மணக்காது, பக்கத்து ஃபிளாட்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். இதைக் கொதிக்கிற பாலில் விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, எதிலும் சேராத ஒன்றாக இருந்தது. வெயில் காலத்துப் பானமாக இதை ஏற்றுக்கொள்ளலாம். சர்க்கரை மட்டும் குளிர்ந்த காப்பியில் அடியில் தங்கிவிடும். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் காய்ச்சி ஆற வைத்த பாகை ஒரு ஸ்பூன் விடுங்கள். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி இருந்தால் அதையே பாகாக்கி, மண் போக வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கசப்புக் குறைந்த இந்தக் காப்பிக்குச் சர்க்கரையைவிட அதுதான் எடுப்பாக இருக்கிறது.