மூளையின் இடப்பக்கம் தேயும்போது

பக்கவாதம் வந்து வாய் குழறினால் வீட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ஒரே நாளில் போன பேச்சு, பயிற்சி கொடுத்தால் ஓரளவு திரும்பவும் செய்யும். இதற்கு நேரெதிரான நோய் ஒன்று உண்டு. அதில் பேச்சு எந்தத் தேதியில் போகத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ‘அது வந்து... அந்த இது...’ என்ற தடுமாற்றத்தை வயசுக் கோளாறு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பால் கணக்கு தப்பாது, கடைக்குப் போன வழி மறக்காது, நேற்று வந்த விருந்தாளியும் நினைவில் இருப்பார். சொல் மட்டும் வராது.

நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் 1982-ல் இப்படிப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார். ‘பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா’ (மெல்ல மெல்ல முற்றும் மொழியிழப்பு) என்ற பெயரும் பின்னர் அவர் வைத்ததுதான். (பிராகில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892-லேயே இதைப் போன்ற ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தார், உலகம் கவனிக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.) நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா என்று 2022-ல் குடும்பத்தார் அறிவித்ததும், மறு ஆண்டே அது மூளையின் முன்மடலையும் பொட்டுமடலையும் தேய்க்கும் டிமென்ஷியா என்று இன்னும் குறிப்பாகச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும்.

மூளையில் எந்த இடத்தில் தேய்மானம் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து மொழி கெடும் விதமும் மாறுகிறது. 2011-ல் நிபுணர் குழு ஒன்று இதை மூன்றாக வகுத்தது. இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் தொடங்கினால் பேச்சு திக்கும், இலக்கணம் உதிரும். ‘நான் கடைக்குப் போனேன்’ என்பது ‘நான்... கடை... போ’ என்று வரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் டவ் என்ற புரதம் செல்லுக்குள் திரள்வது.

இடது பொட்டுமடலின் முன்நுனியில் தொடங்கினால் கதையே வேறு. பேச்சு தங்குதடையில்லாமல் வரும், உச்சரிப்பிலும் பிசகிருக்காது. ஆனால் ‘அந்தக் கரண்டியை எடு’ என்றால், ‘கரண்டியா? அப்படின்னா என்ன?’ என்று கேட்பார். கேலி செய்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். சொல்லோடு சேர்ந்து பொருளும் அழிகிறது. இங்கே குற்றவாளி பெரும்பாலும் டிடிபி-43 என்ற வேறொரு புரதம்.

மூன்றாவது வகையில் வாக்கியத்தின் நடுவே சொல் தேடி நிற்பார்கள். நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக இருக்கும் பகுதி அங்கே தேய்கிறது. பெரும்பாலும் அது அல்சைமர்தான். நினைவைத் தொடாமல் மொழியில் வந்து உட்கார்ந்த அல்சைமர்.

பிறகு அது எப்படி நகர்கிறது? கூரையில் பிடித்த தீ பக்கத்துக் கூரைக்குத் தாவுவதுபோல இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சான்பிரான்சிஸ்கோவில் வில்லியம் சீலி குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஐந்து வகை நோய்களின் தேய்மான வரைபடங்களை ஆரோக்கியமானவர்களின் மூளை இணைப்பு வரைபடங்களோடு ஒப்பிட்டார்கள், இரண்டும் பொருந்தின. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் சேர்ந்தே தேய்கின்றன, அவை தள்ளித் தள்ளி இருந்தாலும். ஆண்டுகள் போகப் போக மூன்று வகைகளுக்கும் இடையிலான எல்லை மங்கிவிடும். பொருள் மறக்கும் வகையில் நோய் வலப்பக்கப் பொட்டுமடலுக்கும் போகும். அப்போது பழகிய முகங்கள் அடையாளம் தெரியாமல் போகலாம், அடுத்தவர் துக்கம் உறைக்காமலும் போகலாம்.

தேய்மானம் மட்டும்தானா என்றால், ஆன் ஆடம்ஸின் ஸ்கேன் யோசிக்க வைக்கிறது. கனடாவைச் சேர்ந்த செல் உயிரியலாளர். 1986-ல் விபத்தில் சிக்கிய மகனைக் கவனிக்க வேலையை விட்டவர், ஓவியத்தில் இறங்கிவிட்டார். 1994-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ இசையைப் படமாக வரைந்தார். ஒவ்வொரு இசைக்கட்டத்துக்கும் ஒரு செங்குத்துப் பட்டை. சத்தம் கூடினால் பட்டை உயரும். இறுதியில் சுருதி மாறும் இடத்தில் நிறமும் மாறும். பேச்சு தடுமாறத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். பேச்சு குறையக் குறைய, படங்கள் புகைப்படம்போல் துல்லியமாயின. அவர் இறந்த மறு ஆண்டு, 2008-ல் வந்த ஆய்வுக் கட்டுரை, இடது முன்பகுதி தேய்ந்திருந்ததையும், வலது பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருளும் ரத்த ஓட்டமும் இயல்பைவிட அதிகமாக இருந்ததையும் பதிவு செய்தது. இடப்பக்கத்தின் பிடி தளர்ந்ததால் வலப்பக்கம் விடுபட்டதா, அல்லது பிறவியிலேயே அப்படியா? ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. ராவெலும் கடைசி ஆண்டுகளில் எழுத்தையும் பேச்சையும் இழந்தவர்தான். ஆனால் பிரேதப் பரிசோதனை நடக்காத நிலையில், ‘பொலேரோ’வில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதே நோயின் அறிகுறி என்று அடித்துச் சொல்வது எனக்கு அவசரமாகப் படுகிறது.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு தகவல். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து, இரு மொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தெரிவதாக 2013-ல் எழுதியது. இரு மொழிக்காரருக்கு மொழி நோயில்தான் காப்பு அதிகம் என்று எதிர்பார்ப்போம். அதே குழுவின் 2017 ஆய்வில் கிடைத்ததோ வேறு: முன்மடலும் பொட்டுமடலும் தேயும் டிமென்ஷியாவில், நடத்தை மாறும் வகையில் தாமதம் தெரிந்தது, மொழி கெடும் வகையில் தெரியவில்லை.

தேய்மானத்தை நிறுத்தும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சிக்குப் பலன் உண்டு. ஆனால் பயிற்சி செய்த சொற்களே பெரும்பாலும் நிற்கும், மற்றவை சேர்ந்து வருவதில்லை. அதனால் பொதுவான படப் புத்தகத்தைவிட அவர் வீட்டு டம்ளர், அவர் பேரன், அவர் மாத்திரை டப்பா ஆகியவற்றின் படங்களோடு பழகுவது நல்லது. பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலில் தேவையான வாக்கியங்களைச் செல்போனில் பதிந்து வைக்கலாம். வீட்டார் செய்ய வேண்டியது, வாக்கியத்தைச் சுருக்கி, ‘காபியா, டீயா’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. சொல்லைப் பிடுங்கி முடித்துவைக்காமல்.