மஞ்சள் தொண்டைச் சிட்டு

முற்றத்து முருங்கையில் வந்தமரும் பறவையொன்றைச் சுட்டி, "இது என்ன, வாப்பா?" என்று உங்கள் பிள்ளை கேட்டிருக்கக்கூடும். "ஏதோ குருவி, போய்ப் பாடத்தைப் படி" என்று நம்மில் எத்தனை பேர் மறுமொழி கூறியிருக்கிறோம்! இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இதுபோன்ற ஒரு கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் கேத்வாடிப் பகுதியில், ஒரு முஸ்லிம் இல்லத்தில் எழுந்தது. 1896-இல் பிறந்த சலீம் அலீ, பெற்றோர் இருவரையும் மழலைப் பருவத்திலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர். காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒருநாள் வீழ்த்திய குருவியின் தொண்டையில், குழம்புக் கறை படிந்தாற்போல் மஞ்சள் நிறம் தெரிந்தது. இதனை உண்பது ஹலால்தானா என்னும் ஐயம் எழவே, மாமாவிடம் கொண்டு சென்றார்.

மாமா அதட்டவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பாவனை செய்யவுமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்ட் என்னும் ஆங்கிலேயரிடம் சிறுவனை அனுப்பிவைத்தார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டு கூறியதோடு, அங்கே பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். பிள்ளையின் வாழ்வே அன்று திசை திரும்பியது.

ஆயினும் அவ்வழி எளிதாக இருக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930-இல் திரும்பியபோது, அவர் வகித்துவந்த அருங்காட்சியகப் பதவியே நீக்கப்பட்டிருந்தது. கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவி தஹ்மினாவுடன் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. மறைவில் அமர்ந்து நோக்கத் தொடங்கினார்.

கூட்டைப் பின்னுவது ஆண் பறவையே. பாதி முடிந்த நிலையில் பெண் பறவை வந்து சோதிக்கும், பிடித்திருந்தால் குடிபுகும். அதன் பின்னரே ஆண் நுழைவுக் குழாயைப் பின்னி முடிக்கும். முடித்ததும் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் நாடும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். நம்மூர்ப் பனைகளில் அத்தகைய கூடுகளைக் கண்டு, காற்று பிய்த்துவிட்டது போலும் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் ஆங்கிலத்தில் உள்ளது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். வண்ணப் படங்களே பாதி வேலையைச் செய்துவிடும். பறவையின் அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் என வீட்டார் அனைவரும் அறிந்தவற்றோடு ஒப்பிட்டுக் கூறியிருப்பது அதன் தனிச் சிறப்பு. டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து அவர் எழுதிய 10 தொகுதிப் பெருநூல் ஆய்வாளர்க்கே உரியது, வீட்டுக்கு வேண்டாம். தமிழில் படிக்க விரும்புவோர், மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' கட்டுரைத் தொகுப்பைத் தேடிப் பெறலாம்.

சலீம் அலீ 1987-இல் காலமானார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியிருந்தார்.